பினாங்கு பிறையில ஜென்செட்டை (பெட்ரோல் ஜெனரேட்டரை) கேஸுக்கு மாத்தினோம்: மாத்துற கிட்டுக்கு 2½ ஸ்டார், மாட்டுன அண்ணனுக்கு 4½

முதல்லயே சொல்லிடுறேன், பெட்ரோல் காசை மிச்சம் புடிக்கலாம்னு நெனச்சு இதை படிக்க வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. கடை வெச்சிருக்கிறவங்க, கேட்டரிங் பண்றவங்களுக்கு எல்லாம் ஜென்செட்டை கேஸுக்கு மாத்துறதால செலவு குறையாது, கூடத்தான் செய்யும், கணக்கு அப்புறம் போடுறேன். ஆனா மாசக்கணக்கா ஸ்டோர்ல சும்மா கிடக்கும், திடீர்னு ஒரு நாள் லோரில ஏத்திட்டுப் போய் கயித்த இழுத்தா உடனே ஓடணும், அப்படி ஒரு ஜென்செட்டு உங்ககிட்ட இருந்துச்சுன்னா இதை விட நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

நாங்க பினாங்குல கேட்டரிங். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் சாப்பாடு, தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல். தண்ணிமலை ஏறுற வழியில ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் பூங்கா பக்கமெல்லாம் பந்தல் போட்டவங்களுக்கு தெரியும், அங்க கரண்ட் எங்கயிருந்து வரும்னு கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது, சொந்தமா ஜென்செட்டு இல்லாம போனா மோரும் ரோஸ் தண்ணியும் சூடாத்தான் குடுக்கணும். எங்களோடது ஹோண்டா ஜிஎக்ஸ்390 இஞ்சின் போட்டது, 389 சிசி, ஒத்த சிலிண்டர், சுமார் 5 கிலோவாட் தரும். இஞ்சினைப் பத்தி ஒரு குறையும் கிடையாது, உழைக்கிற மாடு. பிரச்சனை எப்பவும் பெட்ரோல்ல தான். டேங்க்ல மிச்சம் கிடக்குற பெட்ரோல் சில மாசத்துல பழசாயிடும், அதுல லேசா இருக்குற பகுதியெல்லாம் ஆவியாப் போயிடும், மிச்சம், பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்பரேட்டரோட ஜெட்டுக்குள்ள, அந்த சின்ன ஓட்டையில, கோந்தா படிஞ்சு அடைச்சுக்கும். ஓட்டி முடிச்சதும் டேங்க்கையும் கார்பரேட்டரையும் காலி பண்ணி வைக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்திரம் கழுவி லோரில ஏத்திட்டு வர்ற பையன்கிட்ட போய் கார்பரேட்டர் கிண்ணத்தோட (பௌல்) ஸ்குரூவை கழட்டி பெட்ரோலை வடிச்சிட்டியான்னு யாரு கேக்குறது. இதோட டின்ல பெட்ரோல் வாங்கப் போனா ஸ்டேஷன்ல பெர்மிட் எங்கன்னு கேப்பாங்க, அந்த டின்னை அரிசி மூட்டை, சாப்பாட்டு பாத்திரத்தோட ஒரே லோரில ஏத்தணும், அந்த வாடை இருக்கே, நெய்ச்சோறு மணத்தையே கெடுத்துடும்.

கேஸ் எங்களுக்கு புதுசு இல்ல. அடுப்புக்கு எப்படியும் நாலஞ்சு டோங் (கேஸ் சிலிண்டர்) லோரில போகும், அதுல ஒண்ணை ஜென்செட்டுக்கு குடுத்தா என்னன்னு வீட்டுக்காரர் தான் முதல்ல கேட்டாரு. கேஸ் டோங்குக்குள்ள வருஷக்கணக்கா கிடந்தாலும் கெடாது, கார்பரேட்டர்ல படியாது, சிந்தாது. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்னு தோணுச்சு.

ஆன்லைன்ல பாத்தா கிட்டு நிறைய கிடைக்குது. பெட்ரோல், எல்பிஜி (நம்ம அடுப்பு கேஸ்), இயற்கை வாயு மூணுக்கும் ஒத்துவரும்னு எழுதியிருப்பான், 150 வெள்ளில (ரிங்கிட்) இருந்து 300 வெள்ளி வரைக்கும், பிராண்டு பேரு இருக்காது, அப்படியே இருந்தாலும் வாய்ல நுழையாது. அமெரிக்காவுல இந்த வேலைக்கு காரெட்சன் கேஎன் ரெகுலேட்டர்னு ஒண்ணு ரொம்ப காலமா பேர் போனது, இப்ப வர்ற சைனா கிட்டு நிறைய அதே வடிவத்தை பாத்து செஞ்சது தான். நாங்க வாங்கினது 180 வெள்ளி கிட்ட. பெட்டிக்குள்ள மூணு முக்கியமான சாமான். வட்டமா தட்டையா ஒரு டிமாண்ட் ரெகுலேட்டர், ஏர் ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல சொருகுற ஒரு அலுமினியத் தட்டு, அதுதான் மிக்சர், அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல ஹோஸ்ல மாட்டுற, கேஸ் அளவை கூட்டிக் குறைக்கிற லோட் ஸ்குரூ. கூட கொஞ்சம் கிளிப்பு, பேப்பர் கேஸ்கெட்டு, ஒரு விளக்கத் தாள். அந்தத் தாளை படிச்சா தலையும் புரியாது வாலும் புரியாது.

நாமளே மாட்டிக்கலாம்னு சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு. நான் வேண்டாம்னுட்டேன். அடுப்புல கேஸ் லீக்கானா மூக்குக்கு தெரியும், ஆடிக்கிட்டு சூடா ஓடுற இஞ்சின் பக்கத்துல லீக்கானா நெருப்பு தான் முதல்ல சொல்லும். விசாரிச்சதுல பிறை தொழிற்பேட்டை பக்கம் ஒரு அண்ணனை சொன்னாங்க. கடைக்கு போர்டே கிடையாது, பாதி ஃபோர்க்லிஃப்ட் பாதி பழைய இரும்பு. ஃபோர்க்லிஃப்ட்ல நிறைய எல்பிஜில ஓடுது, கிடங்குக்குள்ள ஓட்டணும் இல்லையா, அதனால அவருக்கு கேஸ் இஞ்சின்னா கை பழக்கம். ஃபோர்க்லிஃப்ட்ல டோங்கை படுக்க வெச்சு, கேஸை திரவமாவே எடுத்து, இஞ்சின் சுடுதண்ணில சூடு பண்ணி ஆவியாக்கி அனுப்புவாங்க. நம்ம ஜென்செட்டுல அந்த மாதிரி ஆவியாக்குற பெட்டி கிடையாது, டோங்கை நிமித்தி வெச்சு மேல நிக்கிற ஆவியை மட்டும் தான் எடுக்கணும், படுக்க வெச்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள பூந்துடும். அவரு எனக்கு சொன்ன முதல் பாடமே இதுதான், அதுவும் கேக்காமலே சொன்னாரு, அப்பவே சரி இவருகிட்ட விடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

போனை எடுக்க மாட்டாரு, வாட்ஸ்அப்ல நீலக்கோடு விழும் பதில் வராது, நேர்ல போய் நின்னா தான் வேலை நடக்கும். நாளைக்குன்னா அடுத்த வாரம். ரசீது கேட்டா பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதிக் குடுப்பாரு. அரை ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான்.

வேலைன்னு பாத்தா வேற ரகம். கிட்டை பெட்டியில இருந்து எடுத்தவுடனே பேப்பர் கேஸ்கெட்டை குப்பையில போட்டாரு, கேஸ்கெட் ஷீட்டை வாங்கி தானே வெட்டினாரு, ஏன்னா அந்த தட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல காத்து இழுத்துச்சுன்னா அப்புறம் எத்தனை ட்யூனிங் பண்ணாலும் நிக்காது. கிட்டோட வந்த ஹோஸையும் தூக்கி எறிஞ்சாரு, சிரிம் (மலேசிய தரச் சான்று) முத்திரை போட்ட கேஸ் ஹோஸ் வேற வாங்க சொன்னாரு. பித்தளை ஃபிட்டிங் ஒண்ணுல மரை சரியா வெட்டாம இருந்துச்சு, அதையும் மாத்தினாரு. ஆக 180 வெள்ளி கிட்டுல உருப்படியா மிஞ்சினது ரெகுலேட்டரும் தட்டும் லோட் ஸ்குரூவும் தான். கிட்டுக்கு 2½ ஏன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

அந்த டிமாண்ட் ரெகுலேட்டர் தான் இந்த மொத்த விஷயத்தோட உயிரு, அதைக் கொஞ்சம் சொல்லிடுறேன். டோங்குக்குள்ள நம்ம வெயிலுக்கு நாலஞ்சு பார் அழுத்தம் இருக்கும். டோங்கு மேல மாட்டுற ரெகுலேட்டர் அதை அடுப்புக்கு வர்ற அழுத்தத்துக்கு, சுமார் 28 மில்லிபாருக்கு, குறைச்சு விடும். அதுக்கப்புறம் இந்த டிமாண்ட் ரெகுலேட்டர். இது சும்மா கேஸை விடாது, பொத்திக்கிட்டு இருக்கும். இஞ்சின் சுத்தி காத்தை உறிஞ்சும்போது தான், அந்த உறிஞ்சலுக்கு உள்ள இருக்குற ரப்பர் டயஃப்ரம் அசைஞ்சு வழி விடும், எவ்வளவு உறிஞ்சுதோ அவ்வளவு கேஸ். இஞ்சின் நின்னா கேஸும் நின்னுடும். நடுராத்திரி ஜென்செட்டு தானா நின்னு போனாலும் கேஸ் ஓடிக்கிட்டே இருக்காது, அந்த ஒரு நம்பிக்கையில தான் என் அம்மா சம்மதிச்சாங்க. இதுக்காக டோங் வால்வை அடைக்காம விடலாம்னு இல்ல, டயஃப்ரம்ல ஒரு தூசி மாட்டினாலும் பொத்தாது, ஓட்டி முடிச்சா வால்வை கையால அடைச்சே ஆகணும்னு அண்ணன் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு.

இந்த ரெகுலேட்டரை இஞ்சின் மேலயே முறுக்கி வைக்கிற மாதிரி தான் கிட்டு தாள்ல படம் போட்டிருக்கு. அண்ணன் ஒத்துக்கல. ஒத்த சிலிண்டர் இஞ்சின் ஆடுற ஆட்டத்துல டயஃப்ரமும் சேர்ந்து ஆடும், வேண்டாத நேரத்துல கேஸ் விடும்னு சொல்லி, ஜென்செட்டு சட்டத்துல தனியா ரப்பர் புஷ் வெச்சு ஒரு பிராக்கெட் வெல்டு பண்ணி, அதுல நிமித்தி மாட்டினாரு. இதுக்கு தனியா காசு கேக்கல.

அடுத்தது ட்யூனிங், இங்க தான் வீடியோ பாத்து மாட்டுறவங்க கோட்டை விடுறாங்கன்னு நெனைக்கிறேன். லோட் இல்லாம, அதாவது எதையும் மாட்டாம, சும்மா ஓடும்போது நல்லாத்தான் ஓடும், சத்தம் கூட இனிமையா இருக்கும், ஆனா அப்ப ஸ்குரூவை திருப்பி வெச்சா ஃப்ரீசரும் கெட்டிலும் மாட்டினதும் படுத்துடும். அண்ணன் எங்க ரைஸ் குக்கர், தண்ணி பாய்லர், ரெண்டு ஹாலஜன் லைட்டு எல்லாத்தையும் கொண்டு வர சொன்னாரு. எல்லாத்தையும் போட்டு ஓட விட்டு, மல்டிமீட்டர்ல ஹெர்ட்ஸ் பாத்துக்கிட்டே லோட் ஸ்குரூவை மெதுவா அடைச்சாரு, ஒரு இடத்துல இஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு, மறுபடி திறந்துக்கிட்டே போனாரு, இன்னொரு இடத்துல கேஸ் ஜாஸ்தியாகி கொரகொரன்னுச்சு, ரெண்டுக்கும் நடுவுல வெச்சு, அங்கயிருந்து கேஸ் பக்கமா கொஞ்சூண்டு தள்ளி நிறுத்தினாரு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு இந்த இஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தணும். லோட் இல்லாம 52 கிட்ட, முழு லோட்ல 49க்கு மேல நின்னுச்சு. ஸ்பார்க் பிளக்கை மாத்தி, இடைவெளியை மேனுவல்ல சொன்ன 0.7-0.8ல குறைஞ்ச 0.7 மில்லிமீட்டருக்கு வெச்சாரு, அதுக்கு மேல போக விடல, கேஸை பத்த வைக்க கொஞ்சம் பலமான பொறி வேணுமாம்.

பவர் குறையும், அதை மறைக்காம சொல்லிட்டாரு. பெட்ரோல்ல 5 கிலோவாட் தந்தது கேஸ்ல 4½ கிட்ட தான் தரும். காரணம் நேரா புரியற விஷயம் தான், பெட்ரோல் துளியா வரும், இடம் அடைக்காது, கேஸ் ஆவியா வந்து சிலிண்டருக்குள்ள காத்தோட இடத்துல நூத்துக்கு நாலு பங்கை புடிச்சுக்கும், போதாததுக்கு பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள போற காத்தை கொஞ்சம் குளிர வைக்கும், அதுவும் இல்ல. ப்ரோபேனுக்கு ஆக்டேன் (அமுக்கத்தை தாங்குற அளவு) 100க்கு மேல, பவர் ஏறும்னு சில பேர் சொல்லுவாங்க, நம்பாதீங்க, ஆக்டேன் கூட இருந்தா கம்ப்ரெஷனையும் (சிலிண்டர்ல அமுக்குற விகிதம்) கூட்டினா தான் லாபம், இந்த இஞ்சின்ல அது 8.2க்கு 1 தான், அதை யாரும் தொடப் போறதில்ல. இன்னொண்ணு, நம்ம ஊரு டோங்குல இருக்குறது சுத்தமான ப்ரோபேன் இல்ல, ப்ரோபேனும் பியூட்டேனும் கலந்தது, பியூட்டேன் தான் ஜாஸ்தி.

இந்த கலவை விஷயத்துல தான் எங்களுக்கு ஒரு தலைவலி வந்துச்சு, இதை எந்த வீடியோலயும் ஒழுங்கா சொல்லல. ப்ரோபேன் மைனஸ் 42 டிகிரில கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டி. டோங்குல இருந்து ஆவி வேகமா எடுக்க எடுக்க உள்ள இருக்குற திரவம் தன் சூட்டையே செலவழிச்சு ஆவியாகும், டோங் குளிர்ந்துக்கிட்டே போகும். கல்யாண மண்டபத்துல முழு லோட்ல ஓட விட்டோம், கொஞ்ச நேரத்துல டோங்கு தே ஐஸ் (ஐஸ் டீ) கிளாஸ் மாதிரி வேர்த்து ஊத்துது, அடியில தொட்டா சில்லுன்னு இருக்கு. டோங் நிறைய இருக்குற வரைக்கும் பரவால்ல. முக்கால்வாசி தீர்ந்ததும் ப்ரோபேன் முந்திக்கிட்டு போயிருக்கும், மிச்சம் கிடக்குறது பெரும்பாலும் பியூட்டேன், அதுவும் குளிர்ந்து கிடக்கு, அழுத்தம் விழுந்துடும், இஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆட ஆரம்பிச்சு மேடையில லைட்டு மினுக்குது. டோங்கை தூக்கிப் பாத்தா இன்னும் கனமாத்தான் இருக்கு, கேஸ் இருக்கு ஆனா வரல. மலேசியா வெயிலுக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நெனச்சவங்க நிறைய பேரு இருப்பாங்க.

அண்ணன்கிட்ட போனா சிரிச்சாரு. ரெண்டு காரணம்மான்னாரு. ஒண்ணு, வீட்டு அடுப்புக்கு போடுற ரெகுலேட்டரை நாங்க டோங்குல மாட்டியிருக்கோம், ரெண்டு அடுப்பும் முழுசா எரிஞ்சாலும் மணிக்கு அரை கிலோவை ஒட்டி தான் கேஸ் போகும், இந்த இஞ்சின் அரை லோட்ல மணிக்கு ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ குடிக்கும், முழு லோட்ல 2 கிலோ கிட்ட போகும். அழுத்தம் அதே குறைஞ்ச அழுத்தமா இருக்கணும், ஆனா ஓட்டம் கூட விடுற ரெகுலேட்டரா இருக்கணும். சில பேரு குவாலி (பெரிய வாணலி) அடுப்புக்கு போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டிடுறாங்க, அதை மட்டும் செய்யவே கூடாது, டிமாண்ட் ரெகுலேட்டரை மீறி கேஸ் தள்ளிக்கிட்டு போயிடும். ரெண்டாவது, ஒரு டோங்கு பத்தாது, ரெண்டை ஜோடியா மாட்டி ரெண்டுல இருந்தும் ஒண்ணா இழுத்தா ஒவ்வொண்ணும் பாதி தான் குளிரும். ரெண்டு டோங் மாட்டுற மேனிஃபோல்டும் பெரிய ரெகுலேட்டரும் போட்டு குடுத்தாரு, அதுக்கப்புறம் அந்த ஆட்டம் இல்ல. நிறைய ஓட்டுறவங்களுக்கு 50 கிலோ டோங் தான் சரி, எங்க லோரில அதை ஏத்தி இறக்க ஆள் கிடையாது.

இப்ப காசு. 14 கிலோ டோங்குல இருக்குற சூடு சுமார் 20 லிட்டர் பெட்ரோலுக்கு சமம். வீட்டுக்கு மானிய விலையில கிலோ 1 வெள்ளி 90 காசு, 14 கிலோ 26 வெள்ளி 60 காசு, அந்த விலையில பாத்தா கேஸ் பாதி செலவு தான். ஆனா அது வீட்டுக்கு. பிஸ்னஸ்க்கு மானியம் இல்லாத ஊதா கலர் டோங், நாங்க வாங்குறப்ப 70 வெள்ளியை ஒட்டி. அதே சூட்டுக்கு 20 லிட்டர் பெட்ரோல், 2025 செப்டம்பர் கடைசியில மானியம் இல்லாம இருந்த லிட்டர் 2 வெள்ளி 60 காசுன்னு வெச்சா கூட 52 வெள்ளி. ஆக மணிக்கணக்குல பாத்தா பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு ஜாஸ்தி. 2025 மே மாசம் கேபிடிஎன் (உள்நாட்டு வர்த்தக அமைச்சு) மானிய கேஸை தொழிலுக்கு எடுக்குறதை புடிக்க ஓப்ஸ் காசாக்னு கடை கடையா சோதனைக்கு வந்தது ஞாபகம் இருக்கும், அப்புறம் சின்ன கடைக்காரங்களுக்கு தளர்த்துறோம்னு சொன்னாங்க, ஆனாலும் உங்க தொழிலுக்கு எந்த டோங் பொருந்தும்னு கேட்டு தெரிஞ்சுக்காம மானிய டோங்கை ஜென்செட்டுல மாட்டி ரோட்டோரம் வெச்சு ஓட்டாதீங்க. தாமான் (குடியிருப்பு) வீட்டுல கரண்ட் போனா ஓட்ட மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த கணக்கு வேற, அவங்களுக்கு லாபம் தான்.

எங்களுக்கு ஏன் கட்டுதுன்னா, நாங்க வருஷத்துல ஓட்டுறதே கொஞ்ச மணி நேரம். எரிபொருள்ல ஜாஸ்தியா போற காசு ஒரு தடவை கார்பரேட்டர் கழட்டி சர்வீஸ் பண்ற கூலிக்கு வராது. கிட்டு 180, அண்ணன் கூலி 350, மேனிஃபோல்டு ரெகுலேட்டர் ஹோஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 200ன்னு வெச்சுக்குங்க. கயித்த இழுத்தா ஓடுது. சோக் கூட தேவையில்ல, டிமாண்ட் ரெகுலேட்டர் நடுவுல இருக்குற பட்டனை ஒரு தடவை அமுக்கி கொஞ்சம் கேஸ் விட்டுட்டு இழுக்கணும், பட்டனை ரொம்ப நேரம் அமுக்கினா கேஸ் அதிகமாகி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவு தான் வித்தை.

பெட்ரோலை முழுசா விட்டுடவும் இல்ல. இந்த தட்டு முறையில கார்பரேட்டர் அப்படியே இருக்கும், அவசரத்துக்கு பெட்ரோல்லயும் ஓட்டலாம். கார்பரேட்டர்லயே ஓட்டை போட்டு கேஸ் குழாய் சொருகுற முறையும் இருக்கு, கார்பரேட்டரையே கழட்டிட்டு கேஸுக்குன்னே செஞ்சதை மாட்டுற முறையும் இருக்கு, பவர் அதுல கொஞ்சம் நல்லா வருமாம், எங்களுக்கு ரெண்டும் வேணும்னு தட்டே போதும்னுட்டோம். ஆனா மாத்தும்போது பெட்ரோல் குழாயை அடைச்சு, பௌல்ல இருக்குறது தீர்ந்து இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் தான் கேஸை திறக்கணும். ரெண்டும் ஒண்ணா போனா கறுப்பு புகை, பிளக்கும் நனைஞ்சுடும்.

இஞ்சின் ஆயில் பத்தி சொல்லணும். பெட்ரோல்ல ஓடினப்ப சீக்கிரமே கறுத்துடும், இப்ப டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா தேன் கலர்லயே இருக்கு, கரி இல்ல, பெட்ரோல் ஆயில்ல இறங்கி தண்ணியாக்குறதும் இல்ல. கலரை பாத்து ஏமாந்து மாத்தாம விடாதீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காரு, 100 மணி நேரத்துக்கு மாத்தணும், 1.1 லிட்டர் தான், அதுல என்ன கஞ்சத்தனம். கவனிக்க வேண்டியது வால்வு. கேஸ் உலர்ந்த எரிபொருள், எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற இடம் சீக்கிரம் தேயும், தேயத் தேய வால்வு உள்ள இறங்கி இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு நாள் முழுசா மூடாமலே நின்னு கருகிடும். மேனுவல்ல 300 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்க சொல்லியிருக்கு, இவரு 100லயே கொண்டு வாங்கன்னாரு. வால்வு இடைவெளி இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர், இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் இருந்தா வீட்டுலயே பாத்துடலாம்.

பாதுகாப்பு பத்தி சொந்தக்காரங்க எல்லாம் பயமுறுத்தினாங்க. 2025 ஏப்ரல்ல சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் குழாய் வெடிச்சதை சொல்லி சொல்லியே சித்தி அழுதுட்டாங்க. அது பூமிக்கு அடியில பெரிய குழாய்ல அதிக அழுத்தத்துல போற இயற்கை வாயு, அது காத்தை விட லேசு, நம்ம டோங் கேஸ் அப்படி இல்ல, கனம். ப்ரோபேன் காத்தை விட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. லீக்கானா மேல போகாது, தரையோட ஊர்ந்து பள்ளத்துல போய் தேங்கும். பினாங்குல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு முழுகுற டிரெய்ன் (சாக்கடைக் கால்வாய்), பந்தல் போடுறவங்க இடம் இல்லைன்னு டோங்கை டிரெய்ன் ஓரமா தான் ஒதுக்கி வைப்பாங்க, நாங்களும் அடுப்பு டோங்கை அங்க தான் வெப்போம், இப்ப வைக்கிறதில்ல. டோங்கை ஜென்செட்டுல இருந்து தள்ளி, எக்ஸாஸ்ட் படாத பக்கமா, காத்து வாங்குற மேட்டுல வைக்கணும். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் இணைப்பு எல்லாத்துலயும் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பாக்கணும். கேஸ்ல ஓடினா புகை கிளீனா இருக்கும், கண்ணு எரியாது, அதுக்காக உள்ளுக்குள்ள வெச்சு ஓட்டலாம்னு நெனைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு அதுலயும் வரும், அதுக்கு வாடையே கிடையாது. வீட்டுல நிரந்தரமா குழாய் போட்டு இணைக்கணும்னா அது வேற வேலை, சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) அனுமதி உள்ள கேஸ் ஆளை வெச்சு தான் செய்யணும், இந்த அண்ணனே அதை தொட மாட்டேன்னுட்டாரு.

டீசல் ஜென்செட்டை மாத்த முடியுமான்னு மாமா ஒருத்தர் கேட்டாரு, 2024 ஜூன்ல டீசல் மானியம் எடுத்ததுல இருந்து அவரு புலம்பலுக்கு அளவே இல்ல. முடியாதுன்னு இல்ல, ஆனா இந்த கிட்டால முடியாது. டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, காத்தை அமுக்குற சூட்டுல டீசல் தானா பத்திக்கும், கேஸ் அவ்வளவு சுலபமா பத்தாது, டீசல் 200 டிகிரியை தாண்டினதும் பத்திக்கும்னா ப்ரோபேனுக்கு 450க்கு மேல போகணும். அதனால கம்ப்ரெஷனை குறைச்சு, பிளக் போட்டு, இஞ்சினையே பாதி மாத்தணும், இல்லைன்னா டீசலோட கேஸையும் கொஞ்சம் கலந்து விடணும். எங்க தாத்தா கெடா எஸ்டேட்ல இஞ்சின் டிரைவரா இருந்தவரு, லிஸ்டர் டீசல் இஞ்சினை துடைச்சு துடைச்சே வாழ்ந்தவரு, அவரு இருந்திருந்தா மாமாவை ரெண்டு திட்டு திட்டியிருப்பாரு.

சத்தம் குறையுமான்னு கேப்பாங்க, குறையாது. கொஞ்சம் மென்மையா கேக்கும், அவ்வளவு தான், ஜென்செட்டு ஜென்செட்டு தான் லா.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். கிட்டை நீங்க வாங்கிட்டுப் போகாதீங்க, அவரே நல்ல ரெகுலேட்டர் வாங்கித் தருவாரு, 60, 70 வெள்ளி ஜாஸ்தி ஆகும், ஆனா எங்க மாதிரி பாதி சாமானை குப்பையில போட வேண்டியிருக்காது. அப்புறம் நீங்க வழக்கமா மாட்டுற லோட் என்னவோ அத்தனையும் தூக்கிட்டுப் போங்க, அது இல்லாம அவரு ஸ்குரூவை தொட மாட்டாரு. தைப்பூசத்துக்கு முந்தின மாசம் எந்த வேலையும் எடுக்க மாட்டாரு, பந்தல்காரங்க ஜென்செட்டே வரிசையா நிக்கும், தீபாவளி முடிஞ்ச கையோட போயிடுங்க.